படுகையில் வாய் மூடி நின்ற சாயங்காலம்

கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய், எங்கள் ஊர்ச் சுடுகாட்டுக் கொட்டகையை அடித்துக்கொண்டு போனதே, அந்த வெள்ளத்துக்கு அடுத்து வந்த தை மாதத்தில் நடந்தது இது. தேதி எல்லாம் எனக்கு நிற்காது. வெள்ளம்தான் நிற்கிறது. வடிந்தபிறகு பார்த்தால் ஆற்றோரத்து எங்கள் படுகை நிலத்தில் வண்டல் ஒரு முழத்துக்கு ஏறிக் கிடந்தது. வாழைக்கு அதைவிட நல்ல எரு கிடையாது. கொட்டகை போனதில் ஊரில் யாருக்கும் பெரிய வருத்தம் இல்லை. "கட்டி முடிக்கிற வரைக்கும் எவனும் சாகக் கூடாதுப்பா, எடம் இல்ல" என்று டீக்கடையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தையில்தான் என் மகள் பெங்களூரிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினாள். கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். கல்யாணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அவள் அம்மாவே கேட்டு ஓய்ந்துவிட்டாள். இந்தக் கதையையும் அவள்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல அவள் எழுத்தில் கொண்டுவருகிறாள். என் பேச்சைச் சீர் பண்ணுகிறாள் என்று தெரியும். அன்றைக்கு ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கொண்டதை மட்டும் பேசினபடியே விடு என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

வந்த முதல் வாரமே எங்களுக்குள் துப்பாக்கிச் சண்டை வந்துவிட்டது. சுட்டுக்கொள்கிற சண்டை இல்லை. துப்பாக்கியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்கிற சண்டை.

என்னிடம் ஒரு மருந்துத் துப்பாக்கி இருந்தது. குழாய் வாயில் மருந்து போட்டு, தேங்காய் நார் அடைத்து, ஈய ரவை போட்டு, மறுபடி நார் அடைத்து, இரும்புக் கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்னால் பொட்டு வெடி மாதிரி ஒரு கேப்பு. குதிரை என்கிற சுத்தி அதன்மேல் விழுந்தால் வெடிக்கும். என் அப்பா கரும்புக்கு நரி வருகிறது என்று லைசென்ஸ் வாங்கினார். அவருக்குப் பிறகு என் பேருக்கு மாறியது. பயிர்ப் பாதுகாப்புக்கு, சொந்த நிலத்துக்குள் மட்டும் என்று அதில் போட்டிருக்கிறதாகத் தாசில்தார் ஆபீசில் வாசித்துக் காட்டினார்கள். நரி போய் இப்போது பன்றி. கொள்ளிடத்து நாணலில் பகலெல்லாம் படுத்துக் கிடந்துவிட்டு, பொழுது சாயும்போது குடும்பத்தோடு கிளம்பி வந்து வாழைக் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும். அதைச் சுட்டால் கேஸ். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் ஓடிவிடும். வானத்துக்கு ரவை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மகளும் அதைத்தான் கேட்டாள். பயம்தான், வேறு என்ன. குட்டி போட்ட பன்றி ஆளைப் பார்த்து வரும்.

அந்த முதல் வாரம் அவள் என்னோடு படுகைக்கு வந்திருந்தாள். பொழுது இறங்குகிற நேரம். வாழைக்கு அந்தப் பக்கம் கறுப்பாக ஒன்று அசைந்தது. நான் துப்பாக்கியை எடுத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக் கீழே அமுக்கினாள்.

"அப்பா, அது கன்னுக்குட்டி."

"தெரியும் ஆயி."

"தெரியுமா? அப்புறம் எதுக்குத் தூக்குனீங்க?"

மகளை நான் ஆயி என்றுதான் கூப்பிடுவேன். பதில் சொல்ல முடியாதபோது இரண்டு தடவை கூப்பிடுவேன்.

எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தது. இலவச முகாம் வைத்து, ஊரிலிருந்து ஒரு பஸ் நிறையக் கிழங்களை ஏற்றிப்போய்க் கும்பகோணத்தில் வைத்துச் செய்தார்கள். ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் புரை என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தருக்கும் ஜன்னல் தெரியாது, ஆனாலும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சண்டை போட்டவன் கீழப் படுகைக்காரன். எங்கள் படுகைக்குக் கிழக்கே அவன் படுகை. எனக்கு மச்சான் முறை. அவனிடமும் ஒரு மருந்துத் துப்பாக்கி உண்டு. அவனுக்கும் அதே நாள், அதே முகாம், அதே பச்சைத் துணிக் கட்டு. கட்டைப் பிரித்தபிறகு பகலில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பொழுது சாய்ந்தால் மட்டும் எல்லாம் மாவு பூசினது போல் ஆகிவிடும். மனுஷன், மாடு, புதர் எல்லாம் ஒரே திட்டு. இதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் லைசென்ஸ் போய்விடும் என்று மச்சான் சொன்னான். அவனும் சொல்லவில்லை.

"காதால பாப்பேன் ஆயி" என்று மகளிடம் சமாதானம் சொன்னேன்.

"ஒரு நாள் எவனாவது தும்மாம நடந்து வருவான், அன்னிக்குத் தெரியும்" என்றாள். அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறவரை தனக்குத் தூக்கம் வராது என்றும், இப்படியே போனால் பெங்களூருக்கே திரும்பிவிடுவேன் என்றும் சொன்னாள். அவள் அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் சத்தமாக வைத்தாள்.

டப்பா விளையாட்டுக்கு வருகிறேன். அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் இருக்கிறது, ஜியோகேச்சிங் என்று. என் வாயில் அது நுழைவதற்குள் பொழுது விடிந்துவிடும். யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைப்பாராம். இடத்தை மட்டும் போனில் போட்டுவிடுவாராம். மேலே சுற்றுகிற சாட்டிலைட் நம்மைக் கிட்டே கொண்டுபோய் விடும். அதற்குமேல் நாம்தான் துழாவ வேண்டும். டப்பாவுக்குள் ஒரு துண்டுத் தாளோ சின்ன நோட்டோ இருக்கும், கண்டுபிடித்தவர் பேர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். உள்ளே பொம்மை, பாசிமணி என்று கிடந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைப் போடலாம். தின்கிற பண்டம் போடக் கூடாது. கத்தி, தோட்டா போடக் கூடாது.

"அப்புறம் காசு எவ்வளவு?" என்றேன்.

"காசெல்லாம் கிடையாதுப்பா. தேடுறதுதான்."

"கெடைச்சதும் திரும்ப வச்சிடணுமா?"

"ஆமா."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா சொன்னாள்: "உங்கப்பாருக்கு ஏத்த வேலைதான். வீட்டுல மூக்குக்கண்ணாடிய தேடிக்கிட்டேதான் இருக்காரு."

எனக்கு அந்த விளையாட்டில் ஒரு அக்கறையும் இல்லை. ஆனால் துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்ட முதல் காரியம் அது. போகாவிட்டால் அடுத்து எதற்கும் கூப்பிடமாட்டாள் என்று தோன்றியது. சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் ஏறிவிட்டேன்.

முதலில் போனது தாராசுரம் போகிற வழியில் ஒரு வாய்க்கால் மதகு. போன் இங்கேதான் என்று நிற்கிறது. மகள் மதகைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். நான் எதிரே டீக்கடையில் இருந்தவரிடம் போய், "ஏந்தம்பி, இங்க எவனோ டப்பா ஒளிச்சு வச்சிருக்கானாமே, பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். அவரோடு நாலு பேர் வந்தார்கள். "என்னா டப்பா? நகையா?" என்றார்கள். ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலிலேயே இறங்கிவிட்டார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "மீன் பாக்க வந்தோம்ணே" என்று ஏதோ சொல்லி, எல்லோரும் கலைந்து போகிறவரை அரை மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்புறம்தான் மதகுச் சக்கரத்துக்கு அடியில் கைவிட்டு எடுத்தாள். கட்டைவிரல் அளவு டப்பி, காந்தத்தால் ஒட்டியிருந்தது. நான் சக்கரத்தின் மேலேயே கை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அப்பா, முதல் ரூல் என்ன தெரியுமா? வெளியாள் யாருக்கும் தெரியக் கூடாது. யாராச்சும் வந்தா சும்மா நிக்கிற மாதிரி நிக்கணும். வாயே தொறக்கக் கூடாது."

"சரி ஆயி."

"யார் கேட்டாலும்."

"சரிங்கிறேன்ல?"

சின்னத் தாளைச் சுருள் பிரித்து அவள் பேர் எழுதினாள். எனக்கும் ஒரு இடம் விட்டாள். வாய்க்கால் சேற்றில் கட்டைவிரலைத் தொட்டு நான் ரேகை வைத்தேன். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த தடவை வாயைத் திறப்பதில்லை என்று முடிவும் செய்துகொண்டேன்.

அடுத்த டப்பா எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்தது. ஆற்றில் பாலம் கட்ட வந்த யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போன் காட்டுகிற இடம் கீழப் படுகை. மச்சானின் வாழைக் கொல்லையைத் தாண்டி, நாணலை ஒட்டி ஒரு இலுப்பை மரம், அதன் வேரடி. அவள் வேலை முடிந்து எழுந்தபோது நாலரைக்கு மேல் ஆகிவிட்டது. நான் துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"அது வந்தா நான் வரல" என்றாள்.

"நாணல் ஓரம் ஆயி. குட்டி போட்ட நேரம். வெறுங்கையோட உன்னைக் கூட்டிட்டுப் போவ மாட்டேன்."

"உங்க நெலத்த தாண்டி எடுத்துட்டுப் போகவே கூடாதுல்ல?"

"மச்சான் நெலம் நம்ம நெலம் மாதிரிதான்."

அவள் அம்மா நடுவில் வந்து பஞ்சாயத்துச் செய்தாள். துப்பாக்கி வரட்டும், மருந்து வரக் கூடாது. மருந்துப் பையையும் கேப்பையும் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். மகள் அதற்கும் நம்பவில்லை. இரும்புக் கோலைக் குழாய்க்குள் விட்டு, அடிவரை போய் டங்கென்று இடிக்கிறதா என்று பார்த்தாள். இடித்தது. கெட்டித்திருந்தால் அவ்வளவு ஆழம் போகாது. அது நான் காட்டிக் கொடுத்ததுதான். வெறும் குழாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வெறும் குழாய் என்றாலும் தோளில் கனம் இருந்தால் ஒரு தைரியம். அதுதான் கெட்ட பழக்கம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பொழுது சாய்ந்து படுகையில் இறங்குகிறவர்கள் குரல் கொடுத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். சாணி பொறுக்க வருகிறவள் இருமுவாள். மீன்காரன் பாடுவான். என் அப்பா, ஒன்றும் தோன்றாவிட்டால், மாட்டைத் திட்டிக்கொண்டே போவார், கூட மாடே இருக்காது. காவல் இருக்கிறவன் சத்தம் கேட்டால் முதலில் "யாரது" என்பான். பதில் இல்லாவிட்டால் "ஆளா, மாடா" என்பான். மாட்டுக்காரனாக இருந்தால் "மாடு" என்பான். அதற்கும் பதில் இல்லாவிட்டால் அது ஆளும் இல்லை, மாடும் இல்லை. மூன்றாவதாக அவன் கேட்க மாட்டான். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானே எத்தனையோ சாயங்காலம் அப்படிக் கேட்டிருக்கிறேன், பதில் வராமல் வெடித்துமிருக்கிறேன்.

அன்றைக்கு வாழைக்குள் நுழையும்போது எனக்கு இருமல் வந்தது. பழக்கத்தில் வருகிற இருமல். மகள் திரும்பிப் பார்த்தாள். அடக்கிக்கொண்டேன். மேலே அடர்ந்த வாழை இலைகள், கீழே வண்டல், நடந்தால் சத்தமே இல்லை. டீக்கடை ஆள் ஒருத்தர் வாய்க்காலில் இறங்கினது ஞாபகம் வந்தது. இந்தத் தடவை கெடுக்கக் கூடாது என்று மூச்சைக் கூட மெதுவாக விட்டேன்.

இலுப்பையடிக்குப் போனபோது ஆற்றுப் பக்கம் சிவந்துவிட்டது. மகள் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, குனிந்து வேர்ச் சந்துகளில் குச்சியால் தட்டித் தட்டிப் பார்த்தாள். சருகு சரசரத்தது. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"யாரது?"

மச்சானின் குரல். மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து வந்தது. நான் வாயைத் திறந்துவிட்டேன். மகள் குனிந்தபடியே திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள். அவளுக்கு அது ஒரு வெளியாள், டப்பாவைப் பார்த்துவிடப்போகிற வெளியாள், அவ்வளவுதான். அவள் சின்னதிலிருந்து படித்தது வேறு ஊரில், படுகை வழக்கம் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எழுபது வயசுக்குமேல், அந்த மண்ணில் பிறந்தவன், ஒரு விரலைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அவள் என்னோடு சிரித்துப் பேச ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

"ஆளா, மாடா?"

இரண்டாவது குரல் கிட்டே வந்துவிட்டது. வாழை ஓரத்தில் அவன் நிற்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை, மாவு பூசின திட்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கும் நாங்கள் இப்படித்தான் தெரிவோம். ஒரே முகாம், ஒரே கண். நாணல் ஓரம், மரத்தடி, குனிந்து கிளறுகிற ஒன்று, பக்கத்தில் நிற்கிற இன்னொன்று.

கடக் என்று ஒரு சத்தம். குதிரையைப் பின்னுக்கு இழுக்கிற சத்தம். அந்தத் திட்டிலிருந்து குழாய் வானத்துக்குப் போகாமல் எங்கள் பக்கமே நீண்டது.

குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். வரவில்லை. இத்தனை நேரம் அடக்கி வைத்த தொண்டை, வா என்றால் வருமா? மகளுக்கு முன்னால் நகர்ந்து நின்றேன். தோளில் இருந்த துப்பாக்கி ஞாபகம் வந்து, அதைக் கழற்றி அவன் பக்கமாக எறிந்தேன். வாழைக் கன்றில் பட்டு விழுந்தது. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து என் தொண்டையும் திறந்தது.

"மச்சான்! ஆளுடா! நான்தாண்டா!"

பிறகு அவன் குழாயை மேலே தூக்குவது தெரிந்தது. குதிரையை மெதுவாக விரலால் பிடித்து இறக்கி, கேப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். கிட்டே வந்து என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தான்.

"நீயா?"

"நான்தான்."

"குரல் குடுத்தா வாயில இருக்க முத்து கொட்டிடுமாடா? ரெண்டு தடவ கேட்டேன். பன்னின்னே நெனச்சுட்டேன்." மூச்சு வாங்கினான். "இப்பவும் அதான் நெனைக்கிறேன்."

வரப்பில் உட்கார்ந்துவிட்டான். துப்பாக்கியைத் தள்ளி வைத்தான். மகளைப் பார்த்ததும் அதை இன்னும் எட்டத் தள்ளினான். "பிள்ள வேற நிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "பிள்ள வேற நிக்குது."

மகள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். "மாமா, நான்தான் அப்பாவ பேசாதீங்கன்னேன்" என்றாள்.

"எதுக்கும்மா?"

அவள் டப்பா விஷயத்தைச் சொன்னாள். அவன் பாதியிலேயே மடியை அவிழ்த்தான். "இந்த டப்பாவா பாரு" என்று எடுத்து நீட்டினான். மூடியில் நான்கு பக்கமும் கொக்கி வைத்த டப்பா. வெள்ளத்தில் வேரடியிலிருந்து கிளம்பி அவன் வாழைக் கன்றில் வந்து மாட்டியிருக்கிறது. உள்ளே பொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை என்று பார்த்து, இதுதான் சரி என்று துப்பாக்கிக் கேப்புகளைப் போட்டு வைத்திருந்தான். கேப்புகளுக்கு அடியில் அந்தச் சின்ன நோட்டு அப்படியே கிடந்தது.

"ரூல்படி இதுல தோட்டா, மருந்து எதுவும் போடக் கூடாது மாமா."

"எனக்கு என்னாத்தா தெரியும்? நல்ல டப்பாவாச்சேன்னு வச்சேன்."

கேப்புகளை மறுபடி மடிக்கே மாற்றிக்கொண்டான். மகள் பேர் எழுதினாள். நான் சேறு தொட்டு ரேகை வைத்தேன். மச்சானுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதைக் காட்டுவதற்காகவே பெரிசாகப் போட்டான், ஒரு பக்கம் முழுக்க. டப்பாவை வேரடியிலேயே வைத்தோம். எறிந்த என் துப்பாக்கியைத் தேடி எடுத்தது மகள்தான். அதை அவள் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். மூன்று பேரும் பேசிக்கொண்டே வந்தோம், தேவைக்கு மேல் சத்தமாக.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து மருந்துப் பை அரிசி டிரம்மிலேயே கிடந்தது. பன்றிக்குத் தகரம் தட்டினேன், சீன வெடி போட்டேன். கொஞ்சம் கிழங்கு போகத்தான் செய்தது. அடுத்த வருஷம் தேர்தல் வந்தது. தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், முடிந்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம். நானும் மச்சானும் ஒரே ஆட்டோவில் போய் ஒப்படைத்தோம். ஓட்டு எண்ணி முடித்ததும் அவன் போய் வாங்கி வந்தான். நான் போகவில்லை. வேண்டாம் என்று ரேகை வைத்துக் கொடுத்துவிட்டேன். மகள் பெங்களூருக்குப் போகவில்லை.

மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ குடுத்துட்டா நான் குடுக்கணுமா? எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றான். அவன் கண் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அதனால் படுகைக்கு இறங்குகிற வழியில் ஒரு கொம்பு நட்டு, காளைக் கழுத்தில் கிடந்த பழைய வெண்கல மணியைக் கட்டிவிட்டேன். டப்பா தேடி வருகிறவர்கள் ஆட்டிவிட்டு இறங்கட்டும் என்று. அந்த மணி ஒரு மாசம்கூட இருக்கவில்லை. டப்பா தேட வந்த யாரோதான் எடுத்துக்கொண்டு, அது கட்டியிருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் யானையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று எடுத்தால் ஒன்று போட வேண்டும் அல்லவா, அந்த விஷயத்தில் நாணயமான ஆள். யானைதான் சத்தம் போடாது.

டப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் வேலை முடிந்து சாயங்காலமாகத்தான் வருகிறார்கள், யாருக்கும் தெரியாமல் வர வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு. எல்லோர் வீட்டுக்கும் போய் நான் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இந்த விளையாட்டு விளையாடினால், கொள்ளிடத்துப் பக்கம் வருவதாக இருந்தால், ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். டப்பா எங்கே என்று சொல்ல வேண்டாம், அது ஆட்டத்துக்கு ஆகாது. படுகையில் இறங்கும்போது இருமச் சொல்லுங்கள், பாடச் சொல்லுங்கள், ஒன்றும் வராவிட்டால் இல்லாத மாட்டையாவது திட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். யாரது என்று ஒருத்தன் கேட்டால், ஆள் என்று சொல்லச் சொல்லுங்கள்.